கல்லுக்கோயிலும் அம்மாயி சொன்ன மரமும்

வரலாறு என்றதும் நம் உள்ளம் கல்லைத் தேடி ஓடுகின்றது. கல்வெட்டு, கற்றூண், கற்றளி என்று ஏதேனும் ஒன்று அகப்பட்டுவிட்டால், "இதோ சான்று" என்று மகிழ்கின்றோம். தமிழாசிரியனாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நானும் இதற்கு விலக்கானவன் அல்லன். காதாற் கேட்டதைவிடக் கல்லிற் கண்டதே மெய் என்று மாணவர்க்குச் சொல்லி வந்தவன். பன்னிரண்டு நாள் நடைப்பயணம் ஒன்றில், பழைய கோயில் ஒன்றின் முன்னே, அந்த எண்ணம் எவ்வாறு தளர்ந்தது என்பதை வாசகர்க்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அம்மாயி சொன்ன கதை

தலவாக்கலைக்கு அப்பால், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே பிறந்தவன் நான். இன்று ஆசிரியப்பணி புரிவது ஹற்றன் பகுதியில். என் தாயைப் பெற்ற அம்மாயி, லயக் காம்பிராவின் அடுப்பங்கரையில் அமர்ந்து, மழைக்கால இரவுகளில் ஒரே கதையைப் பன்முறை சொல்வார். தாது வருடப் பஞ்சம் எனத் தமிழ்நாடு இன்றும் நினைவுகூரும் 1876–78 ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில், திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்து ஒரு குடும்பம் கங்காணி ஒருவரின் பின்னே புறப்பட்டது. அம்மாயியைப் பெற்றவள் அப்போது நாலு வயதுச் சிறுமி. அவளுக்கு ஒரு கைக்குழந்தைத் தம்பி. கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். வழியிலே வாந்திபேதி கண்டு குழந்தை இறந்துவிட்டது. கூட்டம் நிற்கவில்லை; நிற்கவும் இயலாது.

"கல்லுக்கோயில் ஒண்ணு. கிட்டத்திலேயே தண்ணி ஓடுது. கரையில பெரிய மருத மரம். அதுக்கடியில வெச்சு மூடிட்டு நடந்தாங்களாம். எங்கம்மா சாகுற மட்டும் அந்த மரத்தையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு" என்பார் அம்மாயி.

"அந்த ஊருக்குப் பேர் என்ன, அம்மாயி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பேரு யாருக்குத் தெரியும்? நடந்தவங்களுக்கு ஊர்ப்பேரா சொல்லிக் குடுத்தாங்க?" என்றார்.

பின்னாளில் நூல்கள் பலவற்றைப் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அக்காலத்து வடபாதையில், தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே, வழியை விட்டுச் சிறிது கிழக்கே, நாலந்தா என்னும் இடத்தில் முழுவதும் கல்லால் எடுக்கப்பட்ட பழங்கோயில் ஒன்று உண்டு எனக் கண்டபோது என் நெஞ்சு துள்ளிற்று. அம்மாயியின் கல்லுக்கோயில் இதுவே என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு முறையேனும் அங்கே சென்று, அந்த மருதின் அடியிலே ஓர் அகல் விளக்கேற்ற வேண்டும் என்பது நெடுநாளைய விருப்பமாயிற்று.

வடபாதை

1823 இல் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் அமைத்ததிலிருந்து மலையகத்தின் புதிய வரலாறு தொடங்குகின்றது. காட்டை அழிக்கவும், கோப்பியை நடவும், கனியைப் பறிக்கவும் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்மக்கள் அழைத்துவரப்பட்டனர். 1867 இல் கண்டிக்கும் 1880 இல் மாத்தளைக்கும் புகைவண்டி வந்தது. தலைமன்னாருக்கு இருப்புப்பாதை 1914 இலேதான் வந்தது. ஆதலின் அதற்கு முன்பு மன்னார்க் கரையில் இறங்கியவர்க்குக் கால்களே வண்டி. பசியாலும் பேதியாலும் காய்ச்சலாலும் காட்டு விலங்குகளாலும் வழியில் மடிந்தோர் பலர். 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பாடினார். கோப்பியை எவ்வாறு பயிரிட வேண்டும் என்பதற்கு அன்றே நமக்குப் பாட்டு இருந்தது. பயிரிட வந்தவர் எங்கெங்கே விழுந்தனர் என்பதற்கு ஏடு இல்லை.

இருநூறு ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 இல் மாத்தளையில் நிறைவுற்ற நடைபவனியை வாசகர் அறிவர். முழங்கால் நோயினால் நான் அதிற் கலந்துகொள்ள இயலாது போயிற்று. அந்த மனக்குறை தீர, அடுத்த ஆண்டு எங்கள் வட்டாரத்தவர் இருபத்தொருவர் சேர்ந்து அதே வழியில் நடந்தோம். ஆசிரியர் நால்வர், உயர்வகுப்பு மாணவ மாணவியர் பதினைவர், கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற அம்மையார் இருவர்.

தலைமன்னாரின் பழைய இறங்குதுறையிலே நின்றபோது என் கண்கள் கலங்கின. முன்னோர் வந்திறங்கியது இக்கரை. என் பெரிய மாமா கப்பலேறியதும் இக்கரை. 1974 இல், எனக்கு ஐந்து வயதில், தலவாக்கலை நிலையத்திலே அவரை வழியனுப்பினோம். பிரிந்து செல்வோரை ஏற்றிச் சென்ற அந்த வண்டியை நம்மவர் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். பெரிய மாமா நீலகிரியில் இன்னொரு தேயிலைத் தோட்டத்திலே உழைத்து, அங்கேயே மறைந்தார். அம்மாயி தம் மூத்த மகனை மீண்டும் காணவில்லை.

மன்னார், முருங்கன், மதவாச்சி, மிகுந்தலை, திறப்பனை, கெக்கிராவை, தம்புள்ளை என ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வழி. மலையின் குளிரிலே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு வன்னி வெயில் புதிது. மூன்றாம் நாளே பாதங்களிற் கொப்புளம் கண்டது. அம்மையார் இருவரும் மட்டும் சற்றும் தளரவில்லை. "கூடையைச் சுமந்துகிட்டு மலை ஏறின காலு, வெறுங்கையோட சமதரையில நடக்காதா, ஐயா?" என்று என்னைக் கேலி செய்தனர். செட்டிகுளத்துக்கு அருகே தமிழ்க் குடும்பமொன்று கஞ்சி வார்த்தது. மதவாச்சிக்குத் தெற்கே சிங்களக் கிராமங்களில் இளநீரும் கிடைத்தது. மழை பெய்த ஓர் இரவு விகாரை மண்டபமொன்றிலே படுக்க இடமும் கிடைத்தது. கெக்கிராவையில் பையை அவிழ்த்துப் பார்த்தபோது, வீட்டிலிருந்து பொதிந்து கொண்டுவந்த அகல் மூன்று துண்டாக உடைந்திருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மடித்து வைத்தேன்.

நடந்துகொண்டே பிள்ளைகளுக்கு அம்மாயி கதையைச் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அவர்களுக்கும் அந்தக் கல்லுக்கோயில் இலக்காயிற்று.

கோயிலின் முன்னே

பதினோராம் நாள் பிற்பகல் நாவுலையைக் கடந்து நாலந்தாச் சந்தியை அடைந்தோம். பெரும்பாதையை விட்டு விலகி ஒரு கிலோமீட்டர் அளவில் நடந்தால் நீர்ப்பரப்பு தோன்றுகின்றது. அதை ஒட்டிய மேட்டிலே, கருத்த கற்களால் ஆன சிறிய கோயில் தனித்து நிற்கின்றது. பேசிக்கொண்டு வந்த பிள்ளைகள் அதைக் கண்டதும் தாமாகவே அமைதியாயினர்.

சிங்களத்தில் இதனைக் 'கெடிகே' என்பர். செங்கல்லால் ஆன உறைவிடத்தைக் குறிக்கும் பாலிச் சொல்லின் திரிபு என்பது அறிஞர் கொள்கை. பெயர் செங்கல்லைக் குறிப்பினும் கோயில் முழுதும் கருங்கல்லே. எட்டாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை இதற்குப் பலவாறு காலம் கணிக்கின்றனர். நிலம் தொட்டு எழும் அதிட்டானம், அதன்மேல் அரைத்தூண்கள் அணிசெய்யும் சுவர், முன்னே மண்டபம், இடையே சிறு இடைகழி, பின்னே சதுரமான கருவறை, அதன்மேல் பாதி சிதைந்த சிகரம். கூரையின் கபோதத்திலே குதிரைலாடம் போன்ற கூடுகள். அக்கூடுகளுள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சிறு முகங்கள். மாமல்லபுரத்தைப் படத்திலேனும் கண்டவர் எவரும் இது எந்த மரபின் குழந்தை என்பதை உடனே அறிவர்.

அம்மரபு இங்கே வந்த வழியும் வியப்புக்குரியது. ஏழாம் நூற்றாண்டில் மானவன்மன் என்னும் சிங்கள இளவரசன் நாடிழந்து காஞ்சியிலே பல்லவ வேந்தன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான். சாளுக்கியரோடு நிகழ்ந்த போரில் பல்லவனுக்குத் துணைநின்று, பின்னர்ப் பல்லவப் படையின் துணையால் இலங்கை ஆட்சியைப் பெற்றான். இவ்வரலாற்றைச் சூளவம்சம் கூறுகின்றது. அரசரும் படையும் போய்வந்த கடல்வழியே சிற்பியின் உளியும் போய்வந்திருக்கும் எனக் கருதுவது பிழையாகாது.

இவற்றையெல்லாம் தொகுத்து, "தமிழர் கட்டடக்கலையின் வெற்றித்தூண்" என்று ஒரு சொற்பொழிவையே ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் பேசவும் தொடங்கினேன். ஆயின் அக்கோயில் என் பேச்சுக்கு எளிதில் இசையவில்லை. வடிவம் திராவிடம், இன்று வணங்குவோர் பௌத்தர். சிகரத்தின் தென்புறக் கூட்டிலே வீற்றிருப்பவன் குபேரன். அவனோ வடதிசைக்கு உரியவன்; இரு சமயத்தாருக்கும் வேண்டியவன். அடித்தளத்துச் சிற்பமொன்று தாந்திரிக நெறியின் சாயலைக் காட்டுகின்றது. பொலன்னறுவையில் சோழர் எடுத்த வானவன்மாதேவி ஈச்சரம் தன் பெயரைத் தமிழ்க் கல்வெட்டிலே தானே கூறுகின்றது. இங்கோ, கட்டியவன் இன்னான் என்று கூறும் கல்வெட்டு எதுவும் இல்லை. எவரேனும் ஒருவர் இதனை முழுதும் தமதென்று கூற வந்தால், இக்கோயிலின் ஏதேனும் ஒரு கல் மெல்ல மறுத்துவிடும்.

நான் தடுமாறிய அந்த வேளையிலே மாணவி ஒருத்தி, "ஐயா, உங்க அம்மாயி சொன்ன மரம் எது?" என்று கேட்டாள்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். மேட்டிலே சில மரங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றேனும் நூற்றைம்பது ஆண்டு கண்ட மருதாகத் தோன்றவில்லை.

நீருக்குள் நிலம்

அறுபது வயது கடந்த காவலாளர் ஒருவர் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எங்கள் பயணத்தையும் மரத்தின் கதையையும் கூறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீர்ப்பரப்பை நோக்கிக் கையை நீட்டினார்.

"மாத்தயா, அந்தக் காலத்தில் கோயில் இங்கே இல்லையே. கீழே அல்லவா இருந்தது! நான் சிறுவனாக இருந்தபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மரங்கள் இருந்த நிலம் நீருக்குள் போய்விட்டது. எங்கள் அப்பாவின் வயலும் அங்கேதான்."

இச்செய்தி நான் அறியாததன்று. மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, கோயில் மூழ்கிவிடும் என்று அஞ்சி, 1975 அளவில் அதனைப் பிரிக்கத் தொடங்கி, 1980 இல் இம்மேட்டிலே மீண்டும் பொருத்தி முடித்தனர். நூலிலே படித்திருக்கின்றேன், வகுப்பிலும் கூறியிருக்கின்றேன். ஆயினும் படித்த செய்தி அந்தக் கணம் வரையில் என் நெஞ்சிலே தைக்கவில்லை. கோயிலையே எண்ணி வந்தேனன்றிக் கோயில் நின்ற நிலத்தை எண்ணினேன் அல்லேன். கல்லைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று மகிழ்ந்திருந்தவன், கல்லின் அருகே புதைந்திருந்தவை யாவை என்று கேட்கவே இல்லை. இத்தனைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய வீட்டிலே பிறந்தவன் நான்.

கோயிலை மீண்டும் ஒருமுறை வலம் வந்தேன். ஒரு கட்டடத்தை இவ்வாறு பிரித்து வேறிடத்தில் எழுப்ப வேண்டுமாயின், எந்தக் கல் எந்த வரிசையில், எதன்மேல், எதனருகே இருந்தது என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாக வேண்டும். குறிப்புத் தவறினால் கூடு ஓரிடத்தும் தூண் ஓரிடத்துமாகப் போய்விடும். பிரிப்பவரின் கணக்கிலே மீண்டும் சேர்ப்பதற்கான கணக்கும் அடங்கியிருக்கின்றது. பாராட்டத்தக்க பணி அது.

நம்மவர்க்கும் கணக்கு வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்து எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத்துண்டைக் கழுத்திலே கட்டி அனுப்பினார்கள். அஃது எந்த ஆள் எந்தத் தோட்டத்துக்கு என்பதற்கான கணக்கு. எந்த மகன் எந்தத் தாய்க்கு என்பதற்கானதன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இந்நாட்டிலே நாடற்றவராயினோம். 1964 அக்டோபர் 30 இல் இரு நாட்டுப் பிரதமரும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பகுத்தது. அந்தக் கணக்கிலே அம்மாயி ஒரு பக்கமும் பெரிய மாமா மறுபக்கமும் விழுந்தனர். நாடற்ற நிலை முற்றும் நீங்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்லைப் பிரித்தவர்களிடத்திலே இருந்த கவனத்திற் பாதியேனும் மனிதரைப் பிரித்தவர்களிடம் இருந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் என்னை விட்டு அகலவில்லை.

ஏற்றிய விளக்கு

பொழுது சாயும் வேளை. அகல் உடைந்த செய்தியை அப்போதுதான் பிள்ளைகளிடம் கூறினேன். அவர்கள் முகம் வாடிற்று. எங்கள் பேச்சின் பொருளை ஊகித்துக்கொண்ட காவலாளர் ஒன்றும் கூறாமல் எழுந்து போனார். சிறிது நேரத்தில் ஒரு மண் விளக்கும், போத்தலில் தேங்காய் எண்ணெயும், கை நிறைய அரலிப்பூவும் கொண்டுவந்தார். பௌர்ணமிதோறும் தம் வீட்டார் விகாரைக்கு எடுத்துச் செல்லும் விளக்கு என்றார்.

கோயிலை விட்டு இறங்கி, நீரின் ஓரத்திலே ஒரு தட்டைக் கல்லின்மேல் அதனை வைத்தோம். அம்மையார் இருவருள் மூத்தவர் திரியை ஏற்றினார். எவரும் சொல்லிக் கொடாமலே, தாலாட்டு ஒன்றை மெல்லிய குரலில் இழுத்தார். ஒப்பாரி பாடுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். "கைப்பிள்ளைக்கு ஒப்பாரியா பாடுறது? தூங்கத்தான் வைக்கணும்" என்றார் பின்பு. இலக்கணம் கற்ற எனக்கு அது தோன்றவில்லை. காவலாளரும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு எங்களோடு நின்றார். மூழ்கிய தம் தந்தையின் வயலை அவர் நினைத்திருக்கலாம்.

அப்போது மாணவன் ஒருவன், "இந்தத் தண்ணி எங்கிருந்து வருது, ஐயா?" என்று கேட்டான். புவியியல் ஆசிரியர் விளக்கினார். 1976 இல் பொல்கொல்லையிலே மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து சுது கங்கை வழியாகப் போவத்தன்னைக்கு வருகின்றது. அந்த மகாவலியிலே கலப்பது எங்கள் கொத்மலை ஓயா. அந்த ஓயாவிலே கலப்பது அக்கரப்பத்தனை மலைகளின் மழை.

அவர் கூறி முடித்ததும் பிள்ளைகள் நீரை வேறுவிதமாகப் பார்த்தார்கள். நானும் அவ்வாறே பார்த்தேன். எந்த மலைக்குத் தூக்கிச்செல்லும் வழியிலே அக்குழந்தை கைநழுவியதோ, அந்த மலையின் நீர்தான் இன்று இந்நிலத்தை மூடிக் கிடக்கின்றது. அவன் காணாத தேயிலைச் சரிவுகளை அவனுடைய அக்காளின் வழிவந்தோர் கண்டோம். சரிவிற் பெய்த மழை இறங்கி வந்து அவனைக் கண்டிருக்கின்றது.

அம்மாயி சொன்ன கல்லுக்கோயில் இதுதான் என்பதற்கு என் கையிலே சான்று ஏதும் இல்லை. முன்னைய நானாயின் அதனால் மிக வருந்தியிருப்பேன். அன்று வருந்தவில்லை. ஒரு சிறுமி தான் சாகும்வரை மறவாத மரம் ஒன்று இவ்வழியில் எங்கோ நின்றது என்பதை நான் அறிவேன். அதை எனக்குச் சொன்னது கல் அன்று, அம்மாயியின் வாய்.

மறுநாள் மாத்தளையை அடைந்து முத்துமாரியம்மன் சந்நிதியிலே பயணத்தை நிறைவு செய்தோம். கொப்புளம் கட்டிய கால்களோடு பிள்ளைகள் பஸ் ஏறினர். ஹற்றன் திரும்பியதும் அவர்கள் செய்த முதற்காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வாங்கினார்கள். தம் வீட்டிலும் அயல் லயத்திலும் உள்ள முதியோரிடம் சென்று, யார் எந்தச் சீமையிலிருந்து வந்தார், யார் எந்த வருடம் போனார், வழியிலே யாரை இழந்தார் என்று கேட்டு, சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதி வருகின்றார்கள். சொன்னவர் பெயர், சொன்ன நாள், சொன்ன இடம் என்று ஒவ்வொரு கூற்றுக்கும் எண்ணிட்டு வைக்கின்றார்கள். இதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட கூற்றுக்கள் சேர்ந்துள்ளன. அவற்றுள் மூன்றிலே ஒரு கல்லுக்கோயில் வருகின்றது.

ஆசிரிய அன்பர்களே, மாணவர்களே, உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலும் ஓர் அம்மாயி இருக்கக்கூடும். மழைக்கால இரவிலே அவர் சொல்வதை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். கற்கோயிலை மேட்டுக்கு ஏற்ற அரசும் பொறியியலாளரும் இருந்தனர். நம் முதியோரின் சொல்லை மேட்டுக்கு ஏற்ற நம்மைத் தவிர வேறு எவரும் இல்லை.